நேசக்குரல் கார்டு

துறைமங்கலம், பெரம்பலூர்
10.7.2023

(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

பெறுநர்:
திரு. ரா. தமிழழகன், உரிமையாளர்,
தமிழ் மொபைல்ஸ்,
பேருந்து நிலையம் அருகில், அரியலூர்.

ஐயா,

பொருள்: வெளிநாட்டு அழைப்புக் கார்டில் அச்சிட்ட நேரம் தரப்படாதது குறித்து.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் தங்கள் கடையில் 'நேசக்குரல்' என்னும் வெளிநாட்டு அழைப்புக் கார்டு ஒன்றை வாங்கினேன். ஓமன் நாட்டில் சென்ட்ரிங் வேலை பார்த்துவந்த என் கணவர் குழந்தைவேல் அவர்களிடம் பேசுவதற்காக வாங்கினேன். கார்டின் முகப்பிலும், தங்கள் கடை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்திலும் 'வளைகுடாவுக்கு நூறு நிமிடம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இருப்பு தீரப்போகிறது என்ற அறிவிப்பும் இல்லாமல் பேச்சு நடுவில் நின்றுபோனது. ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக் கட்டணமும், பேசாத நாளுக்குப் பராமரிப்புக் கட்டணமும் பிடிக்கப்படும் என்பது கார்டின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் உள்ளது. வாங்குகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. இது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று கருதுகிறேன்.

பதினைந்து நாட்களுக்குள் தங்கள் விளக்கம் வராவிட்டால் பெரம்பலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கு. சிந்தாமணி

இதுவரை பிரவீணாவின் பள்ளிக்கூடத்துச் சுமதி டீச்சர் எழுதிக் கொடுத்தது. அங்கே நுகர்வோர் மன்றத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். விற்றவருக்கு முதலில் எழுத வேண்டும், அதுதான் முறை என்றார். இனி நானாக எழுதுவது: தமிழ், உறையின் மேல் உன் கடை முகவரியை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். ஆனாலும் எழுதினேன்.

*

அரியலூர்
15.7.2023

அக்காவுக்கு,

தபால்காரர் வந்தபோது கடையில் கூட்டம். "என்னங்க தமிழு, கோர்ட்டு நோட்டீஸா?" என்று ஒருத்தர் எட்டிப் பார்த்தார். அனுப்பியவர் இடத்தில் உன் பெயர் இருந்தது. பிரவீணாவின் சர்டிபிகேட் ஏதாவது ஜெராக்ஸ் போட அனுப்பியிருப்பாய் என்று நினைத்து, "எங்க அக்காதாங்க" என்று சிரித்துக்கொண்டே பிரித்தேன்.

ஐயாவாம். தங்கள் கடையாம். அந்தக் கடை திறந்த அன்று பால் காய்ச்சியது யார்? பெயர்ப்பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது யார்?

உன் நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. பிரவீணா எடுத்து, "அம்மா பேச மாட்டேங்குது மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் முடித்தபிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை.

மாமா இறந்த செய்தி வந்த நாளிலிருந்து பெட்டி வந்து சேர்கிற வரைக்கும் யார் அலைந்தது அக்கா? ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் நின்றது நான். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தது நான். திருச்சி ஏர்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அவரை வாங்கியது நான். "முகத்தப் பாக்க வேணாங்க்கா, நம்ம மாமா வேற மாதிரி இருக்காரு" என்று உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். என்னைத்தான் நீ நேர்மையற்றவன் என்று எழுதியிருக்கிறாய்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் ஒன்று கேட்டார். "காசு குடுத்து வாங்கினாங்களா, சும்மா குடுத்தீங்களா?" என்றார். என் கடையிலிருந்து மாதாமாதம் உனக்கு நான் கொடுத்துவிட்ட கார்டுக்கு நான் என்றைக்காவது காசு வாங்கியிருக்கிறேனா? காசு கொடுக்காதவர் நுகர்வோரே இல்லையாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறதாம். டீச்சரிடம் இதையும் கேட்டுக்கொள்.

வீட்டில் ஆர்த்தி கோபமாக இருக்கிறாள். நான் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழழகன்

*

துறைமங்கலம்
24.7.2023

தமிழ்,

போன் மணி அடித்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அதனால்தான் எடுக்கவில்லை. எழுத்தில் இருந்தால் முழுவதும் படிக்கலாம். நடுவில் அறுந்து போகாது. ஆகவே சொல்ல நினைப்பதை எழுது. நானும் எழுதுகிறேன்.

நீ அலைந்ததை நான் மறக்கவில்லை. அதற்குக் கைமாறு இந்தப் பிறவியில் கிடையாது. ஆனால் அது வேறு, இது வேறு.

நீ கொடுத்த கார்டுகளுக்குக் காசு வாங்கியதில்லை. உண்மை. ஆனால் கடைசிக் கார்டு நீ கொடுத்ததல்ல. ஐப்பசியில் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு உன் கடைக்கு வந்தேன். நீ சரக்கெடுக்கத் திருச்சி போயிருந்தாய். ஆர்த்திதான் இருந்தாள். "அண்ணி, காசெல்லாம் எதுக்கு?" என்றாள். "கடைன்னா கடைதான் ஆர்த்தி. ஒவ்வொரு தடவையும் சும்மா வாங்கிட்டுப் போனா எனக்கே கூச்சமா இருக்கு. பில்லு போடு" என்று நான்தான் கொடுத்தேன். அந்தப் பில் என் பர்சில் கிடந்தது. கேஸ் போட வேண்டும் என்று யாரும் அப்போது எடுத்து வைக்கவில்லை. ஆர்த்தியைக் கேட்டுப் பார்.

அந்தக் கார்டில் நடந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. யாருக்கும் சொன்னதில்லை.

உன் மாமா போனவருஷம் சித்திரைக்குப் பிறகு பட்டன் போன்தான் வைத்திருந்தார். பெரிய போன் சைட்டில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. இங்கே வீடு கட்டுகிற வேலை முடியட்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். வேலை முடிந்து கேம்புக்கு வந்ததும் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். நான் கார்டு போட்டுக் கூப்பிடுவேன். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்போம். திடீரென்று ஒன்றும் இருக்காது. திரும்பக் கிடைக்கும்போது, "ஏங்க கட் பண்ணீங்க?" என்பேன். "நான் பண்ணல, நீதாண்டி பண்ண" என்பார். முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு போய்விட்டது. பிரவீணா பெரிய மனுஷி ஆனபோது சடங்குக்கு அவர் வரவில்லை. அதைப் பற்றி நான் வாய் திறக்கும் நேரமாகப் பார்த்து லைன் போகும். பிடிக்காத பேச்சு வந்தால் கட் பண்ணிவிடுகிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். உள்ளே அப்படியே கெட்டியாகிவிட்டது.

கடைசியாகப் பேசிய அன்று கேட்டேன், "தையில வருவீங்களா, மாட்டீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று.

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சிந்தா, நான் ஒண்ணு சொல்றேன். கோவப்படாம முழுசாக் கேளு" என்றார்.

அவ்வளவுதான் தமிழ். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. நான் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் லைனே இல்லை என்று தெரிந்தது.

கார்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று எனக்குக் கணக்கு. அதனால் அவர்தான் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கே மிஸ்டு கால் வந்தது. நான் திரும்பப் போடவில்லை. மறுநாளும் வந்தது. கிடக்கட்டும் என்று விட்டேன். அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் அவர் நம்பரிலிருந்து நிஜமாகவே மணி அடித்தது. எடுத்தால் வேறு ஆள் குரல். "அண்ணிங்களா? வூட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்றது.

இந்தப் பங்குனியில் பிரவீணா என் பையைத் துவைக்க எடுத்தபோது கார்டு வெளியே வந்தது. தொட்டதும் அந்த நம்பரை அழுத்தத் தோன்றியது. ஏன் என்று கேட்காதே. மெஷின் குரல் சொன்னது, இந்தக் கார்டில் இருப்பு இல்லை என்று. கார்டை நான் பைக்குள் போட்ட பிறகு யார் பேசித் தீர்த்தார்கள்? பிரவீணா டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அதே கார்டு புதிதாக ஒன்று வாங்கி, துபாயில் இருக்கிற தன் அண்ணனுக்குப் போட்டார். நாங்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீச்சர் சாம்பாரில் என்ன காய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுபோனது. அதே மாதிரி. சத்தமே இல்லாமல்.

அவர் கட் பண்ணவில்லை தமிழ்.

எனக்குப் பணம் வேண்டாம். உன் கடையை இழுத்து மூடவும் வேண்டாம். அவர் வைக்கவில்லை, கார்டுதான் நின்றது என்று ஓர் அதிகாரி காகிதத்தில் எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். சிரிக்காதே. எனக்கு அது வேண்டும்.

அக்கா

*

அரியலூர்
5.8.2023

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். பாதி படிக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டேன்.

ஆர்த்தியைக் கேட்டேன். பில் போட்டது உண்மை என்றாள். அழுதாள். "அண்ணி அன்னிக்கு ஒரு டீ கூடக் குடிக்கல" என்றாள்.

நான் என்ன சொல்ல? செந்துறை, ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் என்று எங்கெங்கிருந்தோ வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பெண்கள்தான் என் கடைக்கு வருகிறவர்கள். நிமிஷம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று சிலர் சொல்வார்கள். சப்ளை பண்ணுகிற ஆளைக் கேட்டால், அங்கே டவர் சரியில்லை, லைன் அறுந்தால் கம்பெனி என்ன செய்யும் என்பான். அதையே நான் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.

போன வாரம் திருச்சிக்குப் போய் அவன் ஆபீசைப் பார்த்தேன். இப்போது அங்கே யாரோ தையல் மெஷின் விற்கிறார்கள். அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை. கார்டில் போட்டிருக்கிற சென்னை முகவரிக்குத் தெரிந்த பையனை அனுப்பினேன். பூட்டிய வீடு. அந்தத் தெருவில் அப்படி ஒரு கம்பெனியை யாருக்கும் தெரியவில்லை.

அதனால் யோசித்துப் பார் அக்கா. நீ கேஸ் போட்டால் அவன் வரமாட்டான். நான்தான் வந்து நிற்பேன். "அக்காளே தம்பி மேல கேஸ் போட்டிருக்காளாம், அந்தக் கடைக்கா போற?" என்று டவுனில் பேசுவார்கள். வேண்டுமானால் நானே என் கைப்பட எழுதித் தருகிறேன், மாமா வைக்கவில்லை, கார்டுதான் நின்றது என்று. அது போதாதா?

தமிழ்

*

துறைமங்கலம்
12.8.2023

தமிழ்,

போதாது. நீ என் தம்பி. நான் அழக்கூடாது என்பதற்காக நீ எதையும் எழுதித் தருவாய்.

மனு நேற்றுக் கொடுத்தாகிவிட்டது. உன் கடை இரண்டாவது எதிர்த்தரப்பு. முதலாவது அந்தக் கம்பெனி.

அக்கா

*

அரியலூர்
2.10.2023

அக்கா,

நோட்டீஸ் வந்தது. வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

மாமாவோடு கேம்பில் ஒரே ரூமில் இருந்த ஆள் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயர் இளையபெருமாள், திருமழபாடிக்காரர். அன்றைக்கு விடியலில் உனக்குப் போன் பண்ணியவர் அவர்தானாம். நேற்றுக் கடையை ஆர்த்தியிடம் விட்டுவிட்டு பைக்கில் போனேன். கோயிலைத் தாண்டி, கொள்ளிடத்தை ஒட்டின தெருவில் வீடு. புதிதாகக் கட்டியிருக்கிறார், இன்னும் பூசவில்லை. மாமா பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா உன்னிடம் சொல்ல வந்தது என்ன என்று கேட்டேன். தெரிந்தது அக்கா. மாமா தையில் வருவதாக இருந்தாராம். வந்தால் திரும்பிப் போவதில்லை என்று முடிவே பண்ணிவிட்டாராம். "சிந்தாகிட்ட சொல்லணும், அவ நம்பவே மாட்டா" என்று இளையபெருமாளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இதை உனக்கு உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ தூங்கு அக்கா. உன் முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது.

தமிழ்

*

துறைமங்கலம்
9.10.2023

என் தம்பி தமிழுக்கு,

பிரவீணாதான் முதலில் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள், "அப்பா வரதா இருந்துச்சாம்மா" என்று நிறுத்திவிட்டாள். பிறகு நான் வாங்கிப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

கோவப்படாதே என்று ஏன் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. வீட்டு வேலை அரைகுறையாக நிற்கும்போது வேலையை விட்டுவிட்டு வந்தால் நான் சண்டை போடுவேன் என்று பயந்திருக்கிறார். பைத்தியக்கார மனுஷன். நான் சண்டையா போட்டிருப்பேன்?

அவர் போன பிறகு நேற்றுத்தான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வேலைக்குப் போனபோது சத்துணவு மையத்தில் ஆயா கேட்டார், "என்ன சிந்தாமணி, மொகம் தெளிவா இருக்கு?" என்று. சிரித்தேன்.

சுமதி டீச்சரிடம் சொல்லிவிட்டேன், கேஸ் வேண்டாம், அடுத்த வாய்தாவில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று. டீச்சருக்கு வருத்தம்தான். நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றேன். உன்னை இவ்வளவு நாள் வாட்டியதற்கு மனதில் வைத்துக்கொள்ளாதே.

தீபாவளிக்கு எல்லோரும் இங்கே வாருங்கள். அதற்கு முன்னால் திருமழபாடிக்கு ஒரு நடை போய்வர ஆசை. சாமியையும் கும்பிட்டு, அந்தத் தம்பியையும் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். உன் மாமா சொன்னதை அந்தத் தம்பி வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும்.

அக்கா

*

துறைமங்கலம்
26.10.2023

தமிழழகனுக்கு,

போய்வந்தேன்.

நல்ல மனிதர் இளையபெருமாள். அவர் மனைவி சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டேன், "உங்கண்ணன் தையில வரேன்னு சொன்னத எனக்கு ஒருக்காச் சொல்லுங்க தம்பி" என்று. அவருக்குப் புரியவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொல்லலீங்களே அக்கா. ஒங்க தம்பி வந்து கேட்டாரு. தெரியாதுங்கன்னுதான் சொன்னேன்."

மறுபடியும் கேட்டேன், அதையேதான் சொன்னார். அவர் பாவம், தப்பாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று தவித்துப் போனார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்த வாரம் கம்பெனியில் எல்லோரையும் கூப்பிட்டு, யார் ஊருக்குப் போகிறீர்கள், யார் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். "அண்ணன் ரெண்டுக்கும் கை தூக்கலக்கா. 'வூட்ல பேசிட்டுச் சொல்றேன்'னாரு" என்றார். என்ன சொல்ல நினைத்தார் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். கேம்பில் பாதிப் பேருக்கு வீட்டோடு சண்டையாம். அவள் வைத்துவிட்டாள் என்று இவன், இவன் வைத்துவிட்டான் என்று அவள். நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நான் திரும்பக் கூப்பிடாத அந்த இரண்டு நாளைப் பற்றிக் கேட்டேன். கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "மிஸ்டு கால் குடுத்துப் பாத்தாரு. 'கோவமா இருக்கா. ரெண்டு நாள்ல தணிஞ்சிடுவா, எனக்குத் தெரியாதா அவள'ன்னு சிரிச்சாருக்கா" என்றார். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு எல்லோரும் நிற்கும்போது, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

அவர் சிரித்தாராம் தமிழ். இதை உன்னிடமும் சொன்னதாக இளையபெருமாள் சொல்கிறார். நிஜமாக நடந்த அதை எனக்கு எழுதாமல், நடக்காத ஒன்றை எழுதினாய்.

நூறு நிமிடம் என்று அச்சடித்தவனுக்கு, மனிதர்கள் எதற்காகத் தவிக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அச்சடித்தான். நீயும் என் தவிப்பைப் பார்த்துத்தான் எழுதினாய். கேஸை வாபஸ் வாங்கு என்று நீ கேட்கவில்லை, நானாகத்தான் வாங்குகிறேன் என்றேன். தெரியும். ஆனால் வாபஸ் வேண்டாம் அக்கா என்று நீ ஒரு வரி எழுதவில்லையே.

பதினைந்து நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் வராத தைக்கு, மனதுக்குள் வாசல் மெழுகிக் கோலம்கூடப் போட்டுவிட்டேன். அதற்காக உன்னை மன்னிக்க முடியவில்லை.

கேஸ் நடக்கும். தீபாவளிக்கு வர வேண்டாம்.

சிந்தாமணி

*

அரியலூர்
6.11.2023

அக்கா,

நீ எழுதியது எல்லாம் சரி.

திருமழபாடியிலிருந்து வரும்போது திருமானூர்க் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினேன். டீ வாங்கி, குடிக்காமல் ஆற விட்டுவிட்டேன். 'தெரியாது' என்று உனக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுத முடியவில்லை. வேறு ஒன்று எழுத வந்தது. சிரித்தார் என்பதையும் எழுதியிருக்கலாம். அது உனக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்துவிட்டேன். உனக்கு எது வலிக்கும், எது வலிக்காது என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

எழுதும்போது கேஸ் ஞாபகத்தில் இருந்ததா என்று நீ கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நேற்றுக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கையில் குழந்தை. புருஷன் சவுதிக்குப் போய்ப் புதிது போலிருக்கிறது. மேலே தொங்கிய மிச்சக் கார்டைக் காட்டி, "இதுல நூறு நிமிஷம் பேசலாமாண்ணே?" என்றாள். "பேச முடியாதும்மா. பாதிகூட வராது. நடுவுல நின்னுடும், அவரு வச்சிட்டாருன்னு நெனச்சுக்காத" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விக்கிறவங்களே இப்படிச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கே வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

மிச்சத்தை இறக்கிப் பையில் கட்டிவிட்டேன். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாய்தாவுக்கு நானே வருவேன்.

தமிழ்

*

துறைமங்கலம்
27.2.2024

தமிழுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன்.

தீர்ப்பின் நகல் நேற்றுக் கிடைத்தது. உனக்கும் வந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆணையத்தில் நீ பேசும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். எல்லாம் கேட்டது. கார்டுப் பையை மேசை மேல் வைத்து, "பில்லு எங்க கடைதுதாங்கய்யா. விளம்பரத்தை ஒட்டினது நான்தான்" என்றாய். "இவங்க ஒங்க அக்காங்கிறதால இப்படிச் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க. நிறைய பேரு வந்து சொன்னாங்க, நிமிஷம் பத்தலன்னு. டவரு சரியில்லன்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன். ஒரு தடவகூட நானே போட்டுப் பாக்கல. போட்டுப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்" என்றாய். உன் குரல் அப்பா குரல் மாதிரியே இருந்தது. அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

வராந்தாவில் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாய். நான் குடித்தேன். நீ போன பிறகுதான் குடித்தேன்.

கம்பெனிக்கு அனுப்பியதெல்லாம் ஆள் இல்லை என்று திரும்பி வந்ததால், அவன் வராமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அவனைத் தேடிப் பிடித்தால்தான் உண்டு. அவன் இப்போது வேறு பெயரில் வேறு கார்டு அச்சடித்துக்கொண்டிருப்பான் என்கிறார் டீச்சர். உன் கடைக்குப் போட்ட தொகையைத் தீர்ப்புச் சொன்ன மறுவாரமே நீ கட்டிவிட்டாயாம், டீச்சர் சொன்னார். பொய் நிமிடம் போட்ட விளம்பரங்களை எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நீ எப்போதோ எடுத்துவிட்டாய்.

எனக்கு வேண்டிய வரி நான்காம் பக்கத்தில் இருக்கிறது. 'அழைப்பு நின்றது அட்டையின் இருப்பு முன்னறிவிப்பின்றித் தீர்ந்ததால்தான். பேசிக்கொண்டிருந்த இருவரில் எவரும் துண்டிக்கவில்லை என்பது தெளிவாகிறது.' முத்திரையும் இருக்கிறது. பிரவீணாவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தாள். "இருவரில் எவரும்னு போட்டிருக்காங்கம்மா. நீயும் வைக்கலன்னுதான் அர்த்தம்" என்றாள். அதை நான் கவனிக்கவே இல்லை. அவர் வைக்கவில்லை என்பதையே தேடிக்கொண்டிருந்தேன். அவரும் அங்கே, நான் வைத்துவிட்டேன் என்று ஒரு நிமிஷமாவது நினைத்திருப்பாரே. அந்தக் காகிதத்தை அவருக்கு யார் காட்டுவது?

பிரவீணா பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் அடுப்பை மூட்டினேன். உலை கொதித்தது. ஜெயித்துவிட்டோம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் என்று யோசிக்கவே இல்லை, எழுந்துவிட்டேன். ஆணி அடித்த இடத்தில் மாட்டியிருக்கிற பையில் கையை விட்டபிறகுதான் தெரிந்தது, நான் அவரிடமிருந்து மிஸ்டு கால் வருகிற நேரம் என்று போனைத் தேடுகிறேன் என்று. இதைச் சொன்னால் அவர் எப்படிச் சிரிப்பார் என்றுகூட மனதில் வந்துவிட்டது. அப்படியே சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோறு குழைந்து போனது. இத்தனை மாதம் கேஸ், வாய்தா, டீச்சர் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன் தமிழ். அவர் போய்விட்டார் என்பது நேற்றுத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

தையில் வருகிறேன் என்று சொல்ல வந்தாரா, இன்னும் இரண்டு வருஷம் என்று சொல்ல வந்தாரா? இனித் தெரியப் போவதில்லை. சில நாள் ஒன்று தோன்றும், சில நாள் இன்னொன்று. அப்படியே இருக்கட்டும். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம்.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஓரமாக இருக்கிறது. ஆனால் நேற்றுத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, நீ இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவரை ஏர்போர்ட்டில் வாங்கியபோது நீ மட்டும் பார்த்த முகம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். உள்ளபடி சொல். நான் தாங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஆர்த்திக்கு வர மனமில்லை என்றால் வற்புறுத்தாதே, நீ மட்டுமாவது வா. இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்கா